எலிகளுக்கு ஓக்ரே ஊற்றிய கஷாயம்

ஜொன்ஜு நகர ஆய்வுக்கூடத்து எலி அறையில் ஓக்ரேவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். கூண்டு கழுவுவாள், தீனி வைப்பாள், தண்ணீர்ப் புட்டி மாற்றுவாள். வாய் மட்டும் ஓயாது. கேட்க ஆளில்லையா, எலிகளிடம் பேசுவாள்.

அந்த வசந்தத்தில் தாசொம் என்ற பெண், முனைவர் பட்டத்துக்காக, முட்டைப் புரதத்தை முகரவைத்து எலிகளுக்கு மூச்சிரைப்பு வரவழைத்தாள். பாதிக் கூண்டுகளுக்குத் தொராஜி என்ற மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர்.

ஓக்ரேவுக்குப் பொறுக்கவில்லை. "பந்தியில இப்படியா ஓரவஞ்சனை பண்றது?"

அந்த ஊரில் யார் இருமினாலும் அடுப்பில் தொராஜி வேரும் பேரிக்காயும் கொதிக்கும். அவளும் கொதிக்கவைத்தாள். அங்கிக்குள் பிளாஸ்க்கை ஒளித்துக் கொண்டுவந்து, வெறும் தண்ணீர் குடித்த எலிகளுக்கெல்லாம் தினமும் ஊற்றினாள். புண்ணியவதி!

ஐந்து வாரம் கழித்து எலிகளின் நுரையீரலைச் சோதித்த தாசொம் இடிந்துபோனாள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"மருந்துல ஒண்ணுமில்ல சித்தி. மூணு வருஷம் போச்சு. ஊருக்குப் போயி அப்பா கடையில கோழி பொரிக்க வேண்டியதுதான்."

ஓக்ரே அங்கிக்குள் இருந்த பிளாஸ்க்கை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வருஷாந்திரச் சடங்கு. ஆய்வில் உயிர்விட்ட பிராணிகளுக்காக முற்றத்துக் கல்லின் முன் அரிசிப் பணியாரமும் பிஸ்கட்டும் எலித்தீனியும் படைத்து எல்லோரும் வணங்கினார்கள். குனிந்த ஓக்ரே எழுந்திருக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க செல்லங்களா. பாவமேன்னு கஷாயம் குடுத்தேன். அந்தப் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே!"

பின்னாலிருந்து தாசொம் பாய்ந்து வந்தாள். "என்ன கஷாயம் சித்தி?"

"தொராஜிதான். மூச்சிரைப்புக்குப் பின்ன பீரா குடுப்பாங்க?"

தாசொம் புல்தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். பேராசிரியர் எத்தனை கனைத்தும் அடங்கவில்லை.

"அட படுபாவி சித்தி! அப்ப மருந்து பொய்யில்லாம இருக்கலாம். ஆனா நிச்சயமாத் தெரியணும்னா மறுபடி செய்யணும். புது எலிங்க. பாதிக்கு வெறும் தண்ணிதான். நீங்கதான் வைக்கணும். முடியுமா?"

ஓக்ரே சரியென்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை புது எலிகள் வந்தன. சில நாளில் அவற்றுக்கும் இரைக்கத் தொடங்கியது. ஓக்ரே வாசலிலேயே பிளாஸ்க்கைத் தாசொம் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெறும் தண்ணீர்ப் புட்டியை மாட்டும்போது ஒரு குட்டி எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, அன்று அவள் எந்தக் கூண்டோடும் பேசவில்லை.