சேலத்தில் கேட்ட சிரிப்பு

ஒரு வேடிக்கைப் பேச்சை அதைச் சொன்னவரின் குரலிலிருந்து பிரித்து இன்னொரு குரலில் வைத்தால், அது அதே வேடிக்கையாக இருக்குமா? சொற்கள் மாறவில்லை. பொருள் மாறவில்லை. திரையில் தெரியும் முகமும் அதே முகம். பிறகு எது குறைந்துபோகும்? படித்தவர்கள் இதை ஒரு மாலை முழுக்கப் பேசிவிட்டு, விடை இல்லாமலே நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஜாய்சிக்கு அந்த வசதி இல்லை. நாற்பத்து நான்காம் வயதில் இந்தக் கேள்வி அவரிடம் வந்தபோது, தோற்றால் அவருடைய வாயிலிருந்து வேறொரு பெண்ணின் குரல் வரும் என்ற நிலை இருந்தது.

ஜாய்சி பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறார். "தண்ணி குடிச்சாச்சா? குடிச்சிட்டு அங்கன நடங்க. முட்டுச்சுன்னா வாங்க. முட்டாம வந்து எம் முகத்தப் பாத்து என்ன செய்யப் போறிய?" என்பார். பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தவர்களைச் சிரிக்க வைப்பதில் உள்ள ஆபத்தை டாக்டரம்மா இரண்டொரு முறை அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

பிறந்தது குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா தொம்மை கடலுக்குப் போனவர். கணவர் வில்சன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இவற்றில் எதுவும் ஜாய்சியின் நடிப்பை விளக்காது. அவர் நடிக்க வந்ததே இன்னொருவருக்குக் கப்பலில் வேலை கிடைத்ததால்தான்.

அந்த ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே நாடகம் போடுவார்கள். பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். வழக்கமாக மனைவி வேஷம் போட்டவர் திடீரென்று கப்பலுக்குப் போய்விட, சேலையைக் கட்டிக்கொள்ள வேறு ஆண் யாரும் சம்மதிக்கவில்லை. பத்தொன்பது வயது ஜாய்சி, "நான் ஏற்கெனவே கட்டிட்டுத்தான இருக்கேன்" என்று மேடை ஏறினார். கணவனாக நடித்தவர் கிங்ஸ்லி. படகு இன்ஜின் மெக்கானிக். நாடகத்தை எழுதுகிறவரும் அவரே. பக்கத்து வீட்டுக்காரரான அவரை ஜாய்சி விவரம் தெரிந்த நாளிலிருந்து கூப்பிட்டது ஒரே விதமாகத்தான். மேடையிலும் அதுவே வாயில் வந்தது.

"அண்ணே, சாப்பிட வாங்க."

கிங்ஸ்லி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டியளா மக்களே? தாலி கட்டுன நாள்லேருந்து இப்படித்தான் கூப்பிடுதா. பொறவு எங்க வீட்டுல எப்படித் தொட்டில் ஆடும்?"

பந்தல் அதிர்ந்தது. கூச்சத்தில் ஜாய்சி அடுத்த வசனத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். கிங்ஸ்லி உதடு அசையாமல், "பைய நில்லுட்டி. சிரிச்சு முடிக்கட்டும்" என்றார். கூட்டம் சிரித்து ஓயும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்ற பாடத்தை ஜாய்சி அங்கே கற்றார். பிற்பாடு அதுவே அவருக்கு ஒரு இடைஞ்சலாக வந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக, கடற்கரை ஊர்களில் திருவிழா என்றால் இந்த ஜோடியின் சண்டை இருந்தது. கிங்ஸ்லி எழுதிய கணவன் ஒவ்வொரு நாடகத்திலும் ஏதாவது ஒரு திட்டத்தோடு வருவான். மனைவி பேசிப் பேசியே அதைக் குப்புறக் கவிழ்ப்பாள். டீக்கடையில் இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதுபோல ஜாய்சி மேடைக் கணவனை 'நீரு', 'வே' என்றே கூப்பிட்டார். "நீரு கிழிச்சது போதும்வே, எடுத்து மடிச்சு வையும்" என்று ஒரு மனைவி சொல்லக் கேட்டு முன்வரிசைப் பெண்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அவரைப் பெரிய நடிகை என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு வராது. அழுகைக் காட்சிகளில் அவர் அழுததை யாரும் நம்பவில்லை. இடுப்பில் கை வைத்து நிற்பதைத் தேவைக்கு மேல் செய்வார். ஆனால் ஒரு பேச்சுக்குப் பதில் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதில் அவருக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த நிச்சயம் மற்றவற்றில் குறையாக இருந்ததையெல்லாம் மறைத்தது.

துறைமுகத்தில் வில்சனைக் கேலி செய்வார்கள். "ஏலே வில்சா, ஒம் பொண்டாட்டிக்கு ரெண்டு மாப்பிள்ளையாமே?"

"ஆமாலே. சண்டைக்கு ஒருத்தன், சோத்துக்கு ஒருத்தன். நான் சோத்துக்கு. எனக்கு என்ன கொறை?"

ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த சுந்தர்ராமன், யாரோ கைப்பேசியில் எடுத்த நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஜாய்சியைத் தேடி வந்தார். சென்னையில் உதவி இயக்குநராக இருந்தவர். முதல் படம் எடுக்க இருந்தார். பணம் போடுகிறவர் அவருடைய சித்தப்பா விஸ்வேஸ்வரன். கதை இதுதான்: பிரிந்து ஏழு வருடமான கணவன் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் புறப்படுகிறான். வழியில் மாஜி மனைவி அதே காரில் ஏறிவிடுகிறாள். திருநெல்வேலியிலிருந்து மணிமுத்தாறுவரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். "கணவன் வேஷத்துக்கு ஆளு இருக்கா?" என்று ஜாய்சி கேட்டார். இல்லை என்றதும் கிங்ஸ்லிக்கு போன் போட்டார். நடிக்க வந்த கிங்ஸ்லியே சண்டை வசனங்களையும் எழுதினார்.

முதல் நாள் படப்பிடிப்பில் ஜாய்சி ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். சுந்தர்ராமன் நிறுத்திப் பார்த்தார், மறுபடி எடுத்தார். மறுபடியும் அதேதான்.

"எக்கா, ஏன் நடுவுல நடுவுல நிக்கிய?"

"சனம் சிரிச்சு முடிக்கணும்லா?"

"இங்கன சனம் ஏதுக்கா?"

"அதான் நானும் பாக்கேன். அந்த லைட் புடிக்கிற தம்பி காலையிலேருந்து எழவு வீட்டுல உக்காந்த மாதிரி நிக்கான். அவ்வளவு மோசமாவா இருக்கு?"

சத்தம் பதிவாகிக்கொண்டிருப்பதால் யாரும் சிரிக்கக் கூடாது என்று சுந்தர்ராமன் விளக்கினார்.

"அப்ப நிக்கவே மாட்டேன். மூச்சு விடாம பேசுதேன். தியேட்டர்ல சிரிச்சவன் அடுத்த வசனத்தக் கோட்டை விட்டுட்டு, திரும்ப டிக்கெட் எடுத்து வரட்டும்."

"ஏட்டி, எனக்கு மூச்சு வேணும்லா?" என்றார் கிங்ஸ்லி.

"ஒமக்கு எதுக்குவே மூச்சு? நாந்தான பேசுதேன்."

அப்படித்தான் படம் முழுக்க அந்த வேகம் வந்தது. கிங்ஸ்லி ஒரு சொல்லை முடிக்கும் முன்பே ஜாய்சியின் பதில் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

படத்தைத் தொகுத்துப் பார்த்த விஸ்வேஸ்வரனுக்கு அந்த வேகம் கவலை தந்தது. கெட்ட மனிதர் இல்லை; செலவழித்தவர். "நானும் ஆத்தங்கரைக்காரன்தாம்மா, எனக்குப் புரியுது. மதுரையத் தாண்டினா எவனுக்குப் புரியும்? சென்னையில ஸ்னேகான்னு நல்ல டப்பிங் ஆர்ட்டிஸ்ட். எல்லாருக்கும் தெரிஞ்ச தமிழ்ல அதையே பேசிடுவா." கிங்ஸ்லியின் பேச்சு நிதானமானது, அது இருக்கட்டும் என்றும் சொன்னார். ஒப்பந்தப்படி குரலை மாற்றும் உரிமை அவருக்கு இருந்தது.

"சார், எங்க ஊர்ல இந்தப் படத்தப் பாக்க எல்லாரும் வருவாவ. எவ சத்தத்துலயோ நான் வாயசைச்சா, நாளைக்கு நான் தெருவுல பேசுததே எவளுதுன்னு கேப்பாவ. சத்தம் அந்தப் பிள்ளைக்கிட்ட வாங்குதீயன்னா மொகத்தையும் அங்கயே வாங்கிக்கிடுங்க."

"எடுத்தாச்சேம்மா."

"அப்ப ஒரு வேலை செய்யுங்க. மதுரையத் தாண்டி நீங்களே ஒரு ஊரச் சொல்லுங்க. ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. எதுக்குச் சிரிக்காவன்னு பாப்போம். என்னுதுக்குச் சிரிக்கலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

விஸ்வேஸ்வரன் சேலத்தைச் சொன்னார். அங்கே அவருடைய நண்பரின் கல்லூரியில் பெரிய அரங்கு இருந்தது. மணிமுத்தாறு அணைக்கட்டின் மேல் நடக்கும் சண்டைக் காட்சியை இரண்டு குரலிலும் காட்டுவது என்று முடிவாயிற்று. எது முதலில் என்று கேட்டபோது ஜாய்சி, "என்னுத ரெண்டாவது போடுங்க" என்றார். சுந்தர்ராமன் அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"எக்கா, ஒரு தடவ கேட்ட ஜோக்குக்கு மறுபடி எவன் சிரிப்பான்? நீங்களா தோக்கப் போறியளா?"

"புதுசுக்கு எவனும் சிரிப்பான் தம்பி."

ஸ்னேகா தன் வேலையை நன்றாகச் செய்திருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்கள் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார்கள். விஸ்வேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு அதே காட்சி ஜாய்சியின் குரலில் ஓடத் தொடங்கியது. முதல் சில வசனங்களுக்கு அரங்கில் சத்தமே இல்லை, காது பழகிக்கொண்டிருந்தது. 'வே' இரண்டாம் முறை வந்தபோது பின்வரிசையில் ஒருவன் அதைத் திருப்பிச் சொன்னான். அதன் பிறகு என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் சிரித்தார்கள். தெரிந்ததால் முன்கூட்டியே சிரித்தார்கள்.

காட்சியின் கடைசியில் அணையின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிங்ஸ்லி கேட்கிறார்: "இந்த ஏழு வருசத்துல ஒரு நாளாவது என்னய நெனச்சியாட்டி?"

"சிலிண்டரத் தூக்கும்போதெல்லாம் நெனச்சேன்வே."

அரங்கு எழுந்துவிட்டது. ஆசிரியர்கள் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அரங்குக்கு வந்திருந்த ஸ்னேகா ஜாய்சியின் கையைப் பிடித்து, "அக்கா, என் குரல் உங்க வாய்க்குப் பின்னாலயே ஓடிக்கிட்டிருந்துச்சு, கடைசி வரைக்கும் பிடிக்கவே முடியல" என்றார். விஸ்வேஸ்வரன் நேர்மையானவர். அங்கேயே, "உங்க குரல்தாம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு அரங்கை வைத்துக்கொண்டு குரலைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் பெரிய முடிவு எதற்கும் வந்துவிடக் கூடாது. வேறு ஊரில், வேறு நாளில் வேறு விதமாக நடந்திருக்கலாம். ஆனால் இரண்டாவதாக வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஜெயித்தார் என்பது மிச்சமிருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவும் முடியாது.

படம் முழுவதிலும் ஜாய்சியின் குரலே இருந்தது. ஒலிச் சேர்ப்பு முடிந்து, வெளியீட்டுக்கு முன் சென்னையில் ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வில்சனும் லீவு போட்டு வந்திருந்தார். சிலிண்டர் வசனத்துக்கு எல்லோரும் சிரித்தபோது ஜாய்சி மட்டும், பதிலுக்குக் காத்து நிற்கும் கிங்ஸ்லியின் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் ஜாய்சி சுந்தர்ராமனிடம் போனார்.

"தம்பி, அந்தச் சிலிண்டர் வசனத்த எடுத்துரு."

"எக்கா! சேலமே அதுக்குத்தான எந்திரிச்சு நின்னுது?"

"நானுந்தான பாத்தேன். எடுத்துரு."

விஸ்வேஸ்வரன் அந்த வசனத்தைச் சுவரொட்டியில் போடவே ஏற்பாடு செய்திருந்தார். "ஒத்தக் கால்ல நின்னு சத்தத்த ஜெயிச்சது நீங்கதானேம்மா? இப்ப அதுலயே நல்லதத் தூக்கிப் போடச் சொன்னா?" என்று கேட்டார். கிங்ஸ்லி தான் எழுதிய வசனங்களுக்குள் அதுதான் சிறந்தது என்றார். "மத்ததெல்லாம் இருக்குலா, வச்சுக்கிடுங்க. இது மட்டும் வேண்டாம்" என்றார் ஜாய்சி. குரல் உயரவில்லை. அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் அங்கே இல்லாததால் வசனம் வெட்டப்பட்டது.

இப்போது படத்தில் கிங்ஸ்லி கேட்கிறார். ஜாய்சி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடக்கிறார். அந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் வில்சன் ஏன் என்று கேட்டார். ஜாய்சி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் கொடுத்தார்.