ஜூலை மாதத்து இஞ்சி பீர்

இங்கே வளைகுடாவில், அல் நஹ்தாவில், என் எதிர் ஃப்ளாட்காரர் கௌரிசங்கர். கோயம்புத்தூர்க்காரர், வயது நாற்பத்தேழு. பெரிய பெரிய மால்களுக்குக் குளிர்சாதன ஆலை வடிவமைக்கிற எஞ்சினியர். வீட்டில் இஞ்சி பீர் காய்ச்சுகிறவர். முதல் வேலைக்கு அவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. இரண்டாவது வேலைக்கு நாங்கள் தண்டனை அனுபவிக்கிறோம்.

பீர் என்றதும் கண்ணை விரிக்க வேண்டாம். இஞ்சி, கருப்பட்டி, தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு நாள் நுரைக்க விட்டு ஃபிரிட்ஜில் தூக்கி வைத்துவிடுவார். போதை கீதை ஒன்றும் ஏறாது. ஏறியிருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்பப் போகிறேன்?

அவர் மனைவி நீலா ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர். கலவை, அளவு எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நாலு வருஷமாக ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மடக்கு குடிப்பார். முகத்தைச் சுளிப்பார். "கொட்டிப்போடுங்க" என்பார். தீர்ப்பு முடிந்தது.

"அவ ஒரு கிளாஸ் முழுசாக் குடிச்சாப் போதுங்க சேது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று கௌரி என்னிடம் லிஃப்டில் சொல்லியிருக்கிறார். எனக்கே பாவமாகிவிட்டது.

இந்த ஜூன் மாதம் ஆறு பாட்டில்கள் வெடித்து ஹால் கூரை முழுக்கக் கருப்பட்டி. ஏணி போட்டுத் துடைத்துக்கொண்டே நீலா சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் வாயில வைக்க முடியலைன்னா, அண்டா, குழாய், பாட்டில் எல்லாத்தையும் பில்டிங் வாட்ஸாப் குரூப்ல சும்மாவே குடுத்துருவேன்."

விடுவாரா மனுஷன்? கடைசி ஆட்டத்துக்குப் புதுச் சாமான்களாக வாங்கிக் குவித்தார். குழாய் வைத்த இருபது லிட்டர் எவர்சில்வர் அண்டா, வெப்பமானி, அதற்கெல்லாம் மேலே ஒரு செப்புச் சுருள். கொதித்த சாற்றுக்குள் சுருளை இறக்கி, குழாய்த் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டால் பதினைந்து நிமிஷத்தில் ஆறிவிடுமாம். தேரா பஜாருக்குப் போய் லூமி வேறு வாங்கி வந்தார். லூமி என்றால் அரபுக்காரர்கள் குழம்பில் போடுகிற காய்ந்த கறுப்பு எலுமிச்சை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை என்னை எடுபிடியாக இழுத்துப் போனார். சமையலறையே மணத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த லூமி வாசனைக்கு எனக்கே நாக்கில் எச்சில் ஊறிற்று.

மேடையில் ஒரு ஜாடி. இரண்டு வாரம் தினம் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் இஞ்சியும் போட்டு அவர் வளர்த்த உறை, புசுபுசுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. சாறு முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் அதை ஊற்ற வேண்டும். சூட்டில் ஊற்றினால் செத்துப்போகும். வேறு உறை கிடையாது.

சுருளை இறக்கினார். சிங்க் குழாயில் மாட்டித் திறந்தார். தொண்ணூறு, எழுபது, அறுபது. "பாத்தீங்களா!" என்று என் முதுகில் ஒரு அடி. ஐம்பது. நாற்பத்தொன்பது. அங்கேயே நின்றது. அரை மணி நேரம் ஆகியும் அசையவில்லை.

"சுருள் நீளம் பத்தலைங்க" என்று பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

நான் வெளியே வருகிற தண்ணீரில் விரலை நீட்டினேன். சுரீர் என்றது. "என்னவே இது, வெந்நீர்லா வருது!"

"உள்ள சூட்டை வாங்கிட்டு வருதில்லைங்களா, அப்படித்தான் இருக்கும்" என்றார் எஞ்சினியர்.

அப்போதுதான் துண்டும் கையுமாகக் குளிக்கப் போன நீலா எட்டிப் பார்த்தார். நேராக வந்து சிங்க் குழாயைத் தொட்டார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஜூலை மாசத்துல பச்சைத் தண்ணிக் குழாயையா திறந்தீங்க?"

கௌரியின் பேனா அப்படியே நின்றது.

இந்த ஊரில் கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிக்கும். பச்சைத் தண்ணீர்க் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் மே மாதமே கெய்சரை அணைத்துவிடுவோம். பாத்ரூமுக்கு மேலே ஏசி குளிரில் கிடக்கிற அந்த ஐம்பது லிட்டர்தான் வீட்டிலேயே குளிர்ந்த தண்ணீர். வெந்நீர்க் குழாயைத் திறந்துதான் குளிப்போம். அன்று காலைகூடக் கௌரி அப்படித்தான் குளித்திருக்கிறார்! ஊருக்கே குளிரூட்டுகிற மனுஷன்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தே விட்டேன்.

"சிரிச்சது போதும்ணா, அண்டாவைப் பிடிங்க" என்றார் நீலா.

"நீ குளிக்கணுமே நீலா. கெய்சர் தண்ணியைத் திறந்துட்டா மிச்சம் இருக்காது."

"என் குளியல் எங்கயும் ஓடிப்போகாது. தூக்குங்க."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "யல்லா, யல்லா" என்று அரபியில் விரட்டிக்கொண்டே பாத்ரூமுக்குச் சுமந்தோம். சுருள் கெய்சர் குழாய்க்கு மாறியது. கௌரி முழுசாகத் திறக்கப் போனார். நீலா கையைத் தட்டிவிட்டார். "நூலா விடுங்க. இருக்கிறதே ஐம்பது லிட்டர்." சுருளைத் தானே பிடித்து, பாயசம் கிண்டுகிற மாதிரி சாற்றுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தார். நாற்பத்து நாலு. நாற்பது. முப்பத்தேழு. முப்பத்து நாலு!

கௌரி கத்திய கத்தலில் வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். உறையை ஊற்றினோம். நீலா ஈரத்துண்டால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை மாலை முதல் பாட்டில் திறந்தது. புஸ்ஸென்று நுரை, தேன் நிறம். கௌரி கிளாஸை நீட்டினார். நீலா ஒரு மடக்கு குடித்தார். நிறுத்தினார். இன்னொன்று. அப்புறம் அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்து கிளாஸை வைத்தார்.

"இஞ்சி தூக்கல். லூமி இன்னும் ரெண்டு போடலாம். எழுதிக்கோங்க."

கௌரி பேனாவைத் தேடினார். கண் கலங்கியதில் எதிரே இருந்தது தெரியவில்லை.

"இல்ல, வேண்டாம். அடுத்த தடவை நானே காய்ச்சறேன். நீங்க பாட்டில் கழுவுங்க."

மூன்று மாதமாக அவர் பாட்டில்தான் கழுவுகிறார். நேற்று நான் போனபோது முழங்கை வரை சோப்பு நுரை. "சேது, இந்தத் தடவை அவ ரெண்டு கிளாஸ் குடிச்சா!" என்றார்.