கறக்காமல் விட்ட கிணறு

"...சந்தைக்கு ஓட்டிகினு போற மாட்டை முந்தின நாளு எவனாச்சும் கறப்பானா நைனா? மடி கனமா தொங்கணும், பாக்கறவன் அசந்து பூடணும். அதைத்தான் நாங்க கெணத்துக்குப் பண்ணோம். போதுமா?"

இப்படிச் சொன்னவர் வானகரத்தில் கூவம் ஓரமாகக் கழனி வைத்திருந்தவர். பரம்பரை விவசாயி. நான் அவருடைய கிணற்று மேட்டில் நின்றிருந்தேன். என் கையிலிருந்த டேப் பாதிக் கிணறுவரை இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கழனியில் ஏதோ ஒரு கம்பெனியின் ஆட்கள் போர் போடும் மெஷினை நிறுத்தி, இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நடுநடுவே விழுந்ததால் அவர் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

எழுபதுகளில் ஒரு பஞ்ச காலம். மாதத்துக்கு ஒரு முறை ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் சைக்கிளில் சுற்றி, குறித்து வைத்த கிணறுகளில் தண்ணீர் மட்டத்தை அளப்பதுதான் என் சர்க்கார் உத்தியோகம். பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, கிணற்றுச் சுவரில் வெள்ளையடித்த குறியிலிருந்து உள்ளே விட வேண்டும். மேலே இழுத்தால் எதுவரை சாக்பீஸ் நனைந்திருக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லி, தண்ணீர் நிதானத்துக்கு வந்த பிறகு அளக்க வேண்டும். அதற்காகவே எந்தக் கிழமை வருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவேன். மரியாதைக்காகவும்தான்.

கூவத்திலும் ஒரு வேலை உண்டு. தரைப்பாலத்தின் ஓரமாக அளவுக்கோடு போட்ட கல் ஒன்று நட்டிருந்தது. தண்ணீர் எந்தக் கோடுவரை என்று பார்த்து எழுத வேண்டும். அந்த வருஷம் எனக்கு முன்னால் ஆடுகள் அதில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கும். 'ஓட்டம் இல்லை' என்று எழுதிவிட்டு நகர்வேன். ஆற்று மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் முகந்துகொண்டிருப்பார்கள். ஒரு மாதம் போனபோது முழங்கால் ஆழத்தில் நின்று முகந்தார்கள். அப்புறம் இடுப்பு ஆழம். பிறகொரு மாதம் தூரத்திலிருந்து பார்த்தால் மணலின் மேல் குடங்கள் மட்டும்தான் தெரிந்தன, ஆளைக் காணோம். கிட்டே போனதும் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னாண்ணா, எங்களையும் அளந்துகினு போறியா?" சிரித்தேன். சைக்கிளில் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

'ஆத்துல ஓடறது கண்ணுக்கு, கெணத்துல ஊறறது வாய்க்கு' என்பார்கள் அந்தப் பக்கத்தில். ஆறு போனாலும் கிணறு காப்பாற்றும் என்று நம்பிக்கை. இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழியும் ஊருக்கு ஊர் உண்டு. அந்த வருஷம் இறைத்த கிணறுகள் ஊறவில்லை. சென்னீர்குப்பத்தில் ஒரு கிணற்றில் விட்ட டேப், நுனியில் சாக்பீஸ் கலையாமல் அப்படியே மேலே வந்தது. தப்பாக விட்டேனோ என்று மறுபடி விட்டேன். அடியில் தட்டிய சத்தம்தான் கேட்டது.

வானகரத்துக் கிணறுகள் மட்டும் அசராமல் நின்றன. நான் சொல்லும் இந்த மனிதரின் கிணறு அவற்றிலும் ஒரு படி மேல். அவருக்கு இருந்ததெல்லாம் அந்தக் கிணறுதான். அரைக்காணி நெல், வரப்போரம் கத்தரிச் செடி, பின்னால் இருந்த தெருவுக்குக் குடிதண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். அந்தத் தெருக்காரர்கள் முன்பு அவர் கழனியில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது மண்ணூர்பேட்டைப் பக்கம் கம்பெனிகளுக்குப் போய் வந்தார்கள். ஆனாலும் குடம் அவர் கிணற்றுக்குத்தான் வரும்.

அங்கே ஒன்று மட்டும் எனக்கு வினோதமாக இருந்தது. மற்ற நாட்களில் பஸ்ஸில் போகும்போது மோட்டார் சத்தம் வரிசையாகக் கேட்கும். நான் அளக்கப் போகும் நாளில் அந்தப் பக்கமே ஊமையாக இருக்கும். குடத்தோடு ஒரு பெண்பிள்ளைகூடக் கிணற்றடியில் நிற்க மாட்டாள். கரண்ட் இல்லை போல என்று நினைத்துக்கொள்வேன். அவர் வீட்டுக்காரம்மாள் மோர் கொடுத்துக்கொண்டே கேலி பேசுவார்: "பொண்ணு பாக்க வர்ற மாதிரி அளக்கறவரு வர்றாரு. எங்க ஊட்டுக்காரரு கெணத்துக்குப் பவுடர் பூசி உக்கார வெச்சிகீறாரு." பேச்சு அழகில் மயங்கி, அதையும் ஒரு சொலவடையாக மனதில் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். எங்கே போர் போட்டால் தேறும் என்று கேட்டார்கள். அதிகாரி மேஜைமேல் வரைபடத்தை விரித்தார். மாதாமாதம் தண்ணீர் இறங்கிய இடங்களுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழித்திருந்தது. அம்பத்தூர் சிவப்பு, ஆவடி சிவப்பு, பூந்தமல்லி சிவப்பு. நடுவில் வானகரம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அவர் விரல் தானாக அங்கே போய் நின்றது.

இந்த முறை அளக்க வந்தபோது மெஷின் வந்திருந்தது. "இன்னா நைனா இது, ஊருல இடமே இல்லாத மாதிரி எங்க தலைமேல வந்து குந்திகினான்?" என்று அவர்தான் கேட்டார். ஆபீஸில் நடந்ததைச் சொன்னேன். "சுத்துப்பட்டுல எல்லாக் கிணறும் இறங்கிப் போச்சு அண்ணாத்தே, உங்க பக்கம் மட்டும் நல்லா இருக்குன்னு கணக்கு சொல்லுது. அதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து என்ன என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தண்ணீர் குறைந்த கிணற்றுக்குக் கரண்ட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதை நம்பி, நான் வருவதற்கு முந்தின நாள் காலையிலேயே அக்கம்பக்கம் எல்லோரும் பேசி வைத்து மோட்டாரை நிறுத்திவிடுவார்களாம். பயிர் வாடினாலும் சரி, ஒரு குடம்கூட எடுக்காமல் கிணற்றைக் கறக்காத மாடாக விட்டு வைப்பார்களாம். அதையெல்லாம் சொல்லித்தான், நான் முதலில் சொன்ன அந்த மாட்டுச் சந்தைப் பேச்சுக்கு வந்து முடித்தார்.

"இதை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"கரண்ட்டைப் புடுங்க வர்றவன்கிட்டயே போய்ச் சொல்லுவாங்களா? நீதான் கரண்ட்டுக்காரன்னு நெனைச்சிகினு இருந்தோம்."

மெஷின் உறுமத் தொடங்கியது. கிணற்று நீரில் வட்டவட்டமாக நடுக்கம் பரவி டேப்பைச் சுற்றி வந்தது. டேப்பை மேலே இழுக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தக் கணக்கை எழுதாதே. எறைச்சி முடிக்கிற வரைக்கும் நில்லு. அப்பால இன்னா மிச்சம் கீதோ அதை அளந்து எழுதிகினு போய் உங்க அதிகாரிகிட்டக் காட்டு."

ஒரு நாளும் ஒரு ராத்திரியும் சேர்த்து வைத்த தண்ணீர் அது. மடையைக்கூடக் கழனிப் பக்கம் திருப்பாமல், மோட்டார் கொட்டகைக்குப் போய் சுவிட்சைப் போட்டார்.