கேட்டுக்கு வெளியே ஒரு துரை

எங்கள் அசோக் நகர் அடுக்ககத்தில் இந்தியாவுக்கு வருஷா வருஷம் சுதந்திரம் கிடைக்கிறது. மற்றவர்களெல்லாம் ஒரே ஒரு தடவை வாங்கியதோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு அது போதவில்லை. ஆகஸ்ட் பதினைந்து காலையில் காப்பி குடிக்கும்போது வெள்ளைக்காரன் ஆட்சிதான் நடந்துகொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் அவனைத் துரத்திவிட்டுக் கொடியேற்றி லட்டு சாப்பிட்டுவிடுவோம். துரத்தப்படுகிற அந்த வெள்ளைக்காரரின் பெயர் கோதண்டபாணி. தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். திருச்செந்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அவருடைய அப்பா காலத்திலேயே பட்டணத்துக்கு வந்து கடை போட்டுவிட்டார்கள். அண்ணாச்சிக்கு ஆறடி உயரம், பூனைக்கண், சுண்டினால் ரத்தம் வருகிற நிறம். வெயிலில் கொஞ்சம் நின்றால் போதும், முகம் தக்காளியாகிவிடும். இந்த நிறத்துக்காகத்தான் பெண் கொடுத்தார்கள் என்று அவருடைய மனைவி சொர்ணம் அக்காவே சொல்லுவார். "எங்கப்பா கலர மட்டுந்தான் பாத்தாரு. கொறட்டைய யாரு பாத்தா?" என்பார். நம் ஊரில் வெள்ளையாகப் பிறந்தவனுக்கு வருஷம் முழுக்க மரியாதை. ஒரே ஒரு நாள்தான் ஆபத்து. அந்த ஒரு நாளில்தான் அண்ணாச்சி மாட்டிக்கொண்டார்.

மாட்டிவிட்டவர் எங்கள் அசோசியேஷன் செகரட்டரி ராஜரத்தினம். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் கிடைக்காததால் எங்களைப் பிடித்துக்கொண்டார். அண்ணாச்சி வீடு வாங்கி வந்த புதிதில் கூட்டத்துக்கு வந்து, தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது என்று சொல்ல எழுந்து நின்றார். செகரட்டரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிடைச்சிட்டான்யா துரை!" என்று மேஜையைத் தட்டினார். மோட்டார் இன்றைக்கும் சத்தம் போடுகிறது. அண்ணாச்சி அன்றிலிருந்து கலெக்டர் ராபின்சன் துரை.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு துரையை யாரும் பார்த்திருக்க முடியாது. குரல் கடையில் பழகிய குரல். பரண்மேல் இருக்கும் ஆளிடம், "ஏய், அந்தப் பெரிய குத்துப்போணிய எறக்கு!" என்று அவர் கத்தினால் ரங்கநாதன் தெருவில் புடவை பேரம் பேசுகிறவர்கள் ஒரு நிமிஷம் பேரத்தை நிறுத்துவார்கள். அதே குரலில் மேடையில், "எவன்டா கொடி ஏத்துறவன்? ஏத்துற கைய வெட்டுவேன்!" என்று முழங்குவார். குழந்தைகள் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும். பெரியவர்களுக்கே நிஜமாகக் கோபம் வரும். நான் முதல் மாடி சாருலதா. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு நடிக்க வராது. மற்றவர்கள் நடிப்பதைக் குறை சொல்ல நன்றாக வரும். அண்ணாச்சி மட்டும் எனக்கு அந்த வேலையை வைத்ததே இல்லை.

நாடகத்தில் தியாகியின் தாய் சொர்ணம் அக்கா. துரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவதுதான் அவருடைய காட்சி. கட்டின புருஷனை ஊரைக் கூட்டி மைக்கில் திட்டுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அக்கா அதை வீணாக்கியதே இல்லை. "நீ ஏறுன கப்பல் ஓட்டையாப் போவ! நீ குடிக்க கஞ்சியில கல்லு கெடக்க!" என்று செகரட்டரி எழுதியதைச் சொல்லி முடித்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல், "மூணு மாசமாக் குழாய் ஒழுவுதுன்னு சொல்லுதேன், காதுல வாங்குனியாடா பாவி!" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிடுவார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

அதற்கப்புறம்தான் எங்கள் வழக்கம். குழந்தைகள் காகித உருண்டைகளை எறிந்தபடி துரையைக் கட்டடத்தைச் சுற்றித் துரத்துவார்கள். துரை பூட்ஸ் தடதடக்க ஓடி கேட்டுக்கு வெளியே போய் விழவேண்டும். கேட்டை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் நிஜக் கொடியேற்றம். "துரை உள்ளே நிற்கும்போது ஏற்றினால் அதுக்குப் பேரு சுதந்திரமா?" என்பது செகரட்டரியின் கட்சி. கொடி விரிந்து, பூ கொட்டி, தேசிய கீதம் பாடி, லட்டும் கொடுத்து முடித்த பிறகு யாருக்காவது ஞாபகம் வந்தால் கேட்டைத் திறப்பார்கள்.

ஆகவே அண்ணாச்சி எங்கள் கொடி ஏறுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மதில் உயரம். போதாக்குறைக்குக் கொடிக்கம்பத்தை மறைத்துக்கொண்டு ஒரு பூவரச மரம். வெளியே இஸ்திரி வண்டிக்காரர் வடிவேலுவின் பக்கத்தில் நின்று உள்ளே கேட்கிற சத்தத்தை வைத்து யூகம் பண்ணிக்கொள்வார். வடிவேலு கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விசாரிப்பார். "இன்னா அண்ணாச்சி, இந்த வாட்டியும் தொரத்திட்டாங்களா?" தேசிய கீதம் கேட்டதும் இரண்டு பேரும் தெருவிலேயே விறைப்பாக நிற்பார்கள். ஒருவர் தொப்பியும் பூட்ஸும் போட்ட வெள்ளைக்காரர், இன்னொருவர் கைலி கட்டினவர். போகிற வருகிற ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள்.

போன வருஷம் நாடகத்துக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்தார். கடையில் அத்தனை சத்தம் போடுகிறவருக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"இந்த வருசம் நான் இந்தியனா இருந்துக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"உங்க கலருக்கு துரை வேஷந்தான் அண்ணாச்சி..." என்று இழுத்தார் செகரட்டரி.

"எனக்கு வேசமெல்லாம் பெருசில்ல, சார். கொடி ஏறுறத ஒரு தடவ உள்ள நின்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"டிவியில காட்டுறாங்களே!"

"அது டெல்லிக் கொடி. இது நம்ம கொடி. கூட்டம் கூடுறதுக்குள்ள மாலை கட்டுறீங்க, கொடிக்குள்ள பூ வச்சு மடிக்கீங்க, கடைசியில சத்தம் மட்டும் எனக்குக் கேக்கு. பூ கொட்டும்போது எல்லாரும் 'ஆ'ங்கிறீங்கள்லா? அது எதுக்குன்னு எனக்குப் பாக்கணும்."

சொர்ணம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். செகரட்டரி துரைக்கு எதிரே இருந்த பெயரை அடித்துவிட்டு, அண்ணாச்சியைக் கூட்டத்தில் ஒரு தொண்டராகப் போட்டார். ஒரே ஒரு வரி வசனம். துரை வேஷம் மூன்றாம் மாடி சக்திவேலுக்குப் போயிற்று. சக்திவேல் சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன். லிஃப்டில் யாராவது காலை மிதித்தால் இவன் ஸாரி சொல்லுவான்.

அந்த ஒரு மாதம் அண்ணாச்சியைப் பார்க்க வேண்டுமே! கதர் வேட்டி, கதர்ச் சட்டை, தலைக்குக் குல்லா. கடைக்கு வருகிறவர்களிடம், குக்கர் விலையைச் சொல்லுவதற்கு முன்பு, "இந்த வருசம் நான் நம்ம பக்கம்" என்பாராம். அவருடைய ஒற்றை வரியை லிஃப்டில், மாடிப்படியில், பால் பாக்கெட்டோடு என்று எல்லா இடத்திலும் ஒத்திகை பார்த்தார். 'ரத்தம் சிந்தியேனும் கொடி ஏற்றுவோம்!' என்று நேரம் காலம் இல்லாமல் கத்தியதில் கீழ்வீட்டு நாய் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாளும் வந்தது. பந்தல் நிறைய ஜனம். கம்பத்தின் உச்சியில் பூவை மடித்துக் கட்டின கொடி தயாராக இருந்தது. அண்ணாச்சி கொடிக்கம்பத்துக்கு நேர் கீழே இடம் பிடித்து நின்றுகொண்டார். அவரை அங்கிருந்து நகர்த்த ஒரு படையே வேண்டியிருக்கும்.

சக்திவேல் துரை மேடைக்கு வந்தான். தொப்பி கண்ணை மறைத்தது. "யாருங்க கொடி ஏத்துறது? கொஞ்சம் ஏத்தாம இருக்கீங்களா, ப்ளீஸ்?" என்றான். நான் திரைக்குப் பின்னாலிருந்து, "வெட்டுவேன், வெட்டுவேன்!" என்று கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பி, "எதுக்கு ஆன்ட்டி?" என்றான், மைக்கில்.

சொர்ணம் அக்கா மண்ணை வாரிக்கொண்டு வந்தார். அவனைப் பார்த்தார். அவனுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "நீ ஏறுன கப்பல்..." என்று தொடங்கினவர் நிறுத்திவிட்டு, "காலையில எதும் சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டார். குழந்தைகள் காகித உருண்டைகளோடு விழித்துக்கொண்டு நின்றன. எதிர்வீட்டுக் குட்டி சிம்ரா தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோய் துரையிடம் கொடுத்தாள். அவன், "தேங்க்ஸ்" என்று சொல்லி உட்கார்ந்தே விட்டான். கூட்டத்தில் யாரோ, "பாவம், இருந்துட்டுப் போகட்டுமே!" என்றார்கள். அதற்குக் கைதட்டல் வேறு.

சுதந்திரப் போராட்டம் அப்படியே படுத்துவிட்டது. யாருக்கும் கோபம் வரவில்லை. செகரட்டரி மேடைக்கும் கம்பத்துக்குமாக ஓடினார். துரையைத் துரத்த ஆள் இல்லை, துரத்தாமல் கொடி ஏற்ற அவருக்கு மனசு இல்லை. "எல்லாம் போச்சு" என்று என்னிடம் வந்து சொன்னபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

அப்போது நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்த்தார். பிறகு கழுத்தை நிமிர்த்தி மேலே மடித்துக் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் அண்ணாச்சி, வேண்டாம் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவருக்கு நன்றாகத் தெரியும், மேடையில் ஏறினால் எங்கே போய் முடியும் என்று.

"ஏய்ய்ய்!"

பூவரச மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. அண்ணாச்சி மேடையில் பாய்ந்தார். சக்திவேலின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். "எவன்டா கொடி ஏத்துறவன்? ஏத்துற கைய வெட்டுவேன்!" கதர் வேட்டியில் நின்ற அந்த மனுஷன் ஒரே நொடியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யமாக ஆகிவிட்டார். பந்தல் ஒரு தடவை நடுங்கிவிட்டுக் கொந்தளித்தது. சொர்ணம் அக்காவுக்கு உயிர் வந்தது. கப்பல், கஞ்சி, குழாய், குறட்டை, போன தீபாவளிக்கு எடுத்துத் தராத பட்டுப் புடவை என்று எதையும் விடவில்லை. "வெளியேறு! வெளியேறு!" என்று ஊரே கத்தியது. சிம்ரா தண்ணீர்ப் பாட்டிலையே விட்டெறிந்தாள். சக்திவேல்கூட விடுதலை வெறி ஏறித் துரத்துகிறவர்களோடு ஓடினான். நான் வசனத் தாள்களைக் கசக்கி உருட்டி எறிந்துகொண்டே ஓடினேன். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு ஓட்டம் வரும் என்று நினைக்கவில்லை. அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கேட்டைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தார். தாழ்ப்பாள் விழுந்தது.

"வந்தது சுதந்திரம்!" என்று செகரட்டரி கைகூப்பி அழுதார். கயிற்றைப் பிடிக்கப் போனார்.

"நில்லுங்க" என்றார் சொர்ணம் அக்கா. கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மூச்சு இரைத்தது. "சுதந்திரம் வந்தாச்சா?"

"வந்தாச்சும்மா."

"வெள்ளைக்காரன் போயாச்சா?"

"போயாச்சு."

"அப்ப இந்தக் கேட்டு இனிமே யாரோடது?"

"நம்மளோடதுதான்..."

"யார உள்ள விடணும்னு இனி நாமதான சொல்லணும்? நான் சொல்லுதேன்" என்று தாழ்ப்பாளை இழுத்தார் அக்கா. "எங்க வீட்டுக்காரரு உள்ள வரட்டும்."

நாடகத்தில் இப்படி இல்லையே என்று செகரட்டரி ஆரம்பித்தார். குழந்தைகள் போட்ட கூச்சலில் மீதி யாருக்கும் கேட்கவில்லை.

கேட் திறந்தது. அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நின்றார். ஆனால் காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை. பக்கத்தில் திரும்பி, "வடிவேலு, வாய்யா" என்றார்.

"நான் எதுக்கு அண்ணாச்சி? பொட்டி சூடா கீது. துணி நெறைய கீது."

"கெடக்கட்டும். நீயும் எத்தன வருசமா என் கூட நின்னு சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்க. வா."

எங்கள் வீட்டுத் துணி எதுவும் அந்தக் கை படாமல் எங்கள் மேல் ஏறியதில்லை. அவரும் கேட்டுக்கு வெளியேதான் இத்தனை வருஷமும் நின்றார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. சுருக்கென்றது எனக்கு. செகரட்டரி தன் கையில் வைத்திருந்த கயிற்றை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சீக்கிரம் வாங்கய்யா ரெண்டு பேரும், வெயில் ஏறுது" என்றார். அவர் எழுதாமல் பேசிய நல்ல வசனம் அது ஒன்றுதான்.

இருவரும் வந்து கம்பத்தடியில் நின்றார்கள். கயிறு இழுபட்டது. மேலே முடிச்சு அவிழ்ந்தது. ரோஜாவும் சாமந்தியுமாகக் கொட்டியது. எல்லோரும் "ஆ" என்றோம். தேசிய கீதத்தை யாரும் சுருதியோடு பாடவில்லை, ஆனால் அவ்வளவு சத்தமாக இதுவரை பாடியதில்லை.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி வடிவேலுவின் தோளைத் தொட்டார். "பூ எப்படிய்யா கொட்டிச்சு? நல்லா இருந்துச்சா?"

"நீங்க பாக்கலியா அண்ணாச்சி?"

"எங்க? கண்ணு பூராத் தண்ணி. ஒண்ணுமே தெரியல."

வடிவேலு கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அதான் அண்ணாச்சி ஆயிட்ச்சு. நீங்க பாத்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் அவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்ல ஆளுங்க போங்க! பூ போனாப் போவுது. கொடி எங்கயும் ஓடிறாது, சாயந்திரம் வரைக்கும் மேலதான் நிக்கும். அவசரமில்ல, நிதானமாப் பாருங்க."

நாங்கள் லட்டுக்கு வரிசை கட்டினோம். அவர்கள் இரண்டு பேரும் தட்டு காலியாகும் வரை வரவில்லை, கம்பத்தடியிலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.