மம்பாவ் தோட்டத்தில் இங்கிலீஷ் கேள்வி கேட்டவன்

இங்கிலீஷ் கற்பிப்பது நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற தொழில். கேள்வி கேட்கிறவனை எந்த ஊரிலும் யாருக்கும் பிடிப்பதில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் நடந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாக நடந்தது, ஏனென்றால் நான் போன இடத்தில் நான் அந்நியன்.

யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, மலாயாவுக்குக் கப்பலேறி, நெகிரி செம்பிலானில் மம்பாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வந்து இறங்கினேன். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பை முடித்த பிள்ளைகளுக்குப் பிற்பகலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரை எல்லோரும் துரை என்பார்கள். இந்த வகுப்பு அவருடைய யோசனை. எதற்காக அவருக்கு இந்த யோசனை வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அதில் ஒன்றுகூட நல்ல காரணமாக இல்லை.

வாத்தியாரின் தமிழ்

பழைய ரப்பர்க் கொட்டகை ஒன்றை வகுப்பாக ஒதுக்கியிருந்தார்கள். ரப்பர் காயவைத்த புகை நாற்றம் சுவரிலேயே ஊறிக் கிடந்தது. முதல் நாள் நான் உள்ளே போனபோது ஒரே இரைச்சல். "ஒருத்தரும் கதைக்கக் கூடாது" என்றேன். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க கதை ஒண்ணும் சொல்லலயே சார்" என்றான் ஒருவன்.

"ஓம், ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றேன். எங்களுக்கு ஓம் என்றால் ஆமாம். அவர்களுக்கு அது கோயிலில் சொல்லும் மந்திரம். பின் பெஞ்சில் இரண்டு பேர் கைகூப்பினார்கள். கேலியா, பக்தியா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். நான் வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து தமிழ் கொஞ்சம் படித்துக்கொண்டு வந்தவன் என்று அன்றைக்கே ஒரு முடிவு கட்டிவிட்டார்கள். வகுப்பு முடியும்போது பெரிய பையன் ஒருவன் எழுந்து, மற்றவர்கள் சார்பில் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னான்:

"சார், இங்கிலீசு பொறவு படிச்சுக்கிறோம். மொதல்ல நீங்க தமிழ்ல பேசுங்க."

ஆட்டுக்குட்டிப் படம்

நான் படித்தது பாதிரிமார் பள்ளிக்கூடத்தில். அங்கே கிடைத்த படங்கள் சில என் பெட்டியில் இருந்தன. ஒரு மேய்ப்பன் தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் படத்தைச் சுவரில் மாட்டி, ஆட்டுக்கு இங்கிலீஷில் என்ன, புல்லுக்கு என்ன என்று நடத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் தோட்டத்துக் கங்காணி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் அவர் தம் ஊரிலிருந்து கூட்டிவந்தவர்கள். அவர் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப முடியாது. நானும் எழுப்பவில்லை. முழு வகுப்பையும் கேட்டுவிட்டு, படத்தின் அருகே போய் மேய்ப்பனின் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார் என்பது புரிந்தது. நானோ பரம்பரைச் சைவன். அடுத்த நாள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அவர் கண்ணில் படும்படி ஆபீஸ் வழியாகவே நடந்து போனேன். கங்காணி நின்று, மேலும் கீழுமாகப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வேசம் பொருத்தமாத்தான் இருக்கு வாத்தியாரே."

பெரிய கிராணியின் தேத்தண்ணி

ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணியும் யாழ்ப்பாணத்தார்தான். ஆபீசை எங்கள் ஊர் வழக்கப்படி கந்தோர் என்பார். நம்மவர் ஒருவராவது இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். மனைவி பலகாரம் வைத்தார். ஊர்ச் சேதி, கோயில் திருவிழா, யார் யாருக்குக் கலியாணம் என்று பேச்சு நீண்டது. இவ்வளவு உபசாரம் சும்மா நடக்காது என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மெல்லக் கேட்டார், பிள்ளைகள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று. நன்றாகப் படிக்கிறார்கள் என்றேன். அவர் முகம் வாடியது. அவருக்கு இரண்டு மகன்கள். இருவரும் பிறகு இதே ஆபீசில் உட்கார வேண்டியவர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள் இங்கிலீஷில் கணக்கு எழுதப் பழகிவிட்டால் அந்த நாற்காலிகள் என்னாகும் என்பது அவர் கவலை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

"தம்பி, கதைக்கப் பழக்கும். எழுத மட்டும் பழக்காதையும்."

பரிசு

அடிக்காமல் படிப்பிக்க வேண்டும் என்பது என் கொள்கை. அடிக்காவிட்டால் எதையாவது கொடுக்க வேண்டும். மம்பாவ் ரோட்டோரத்தில் நாகூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை இருந்தது. அங்கே எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் ஒரு பொட்டலம் வாங்கிவந்து, முழு வாக்கியமாகப் பதில் சொல்கிறவர்களுக்குத் தருவதாகச் சொன்னேன். நாலைந்து பேர் சொன்னார்கள். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு வாத்தியார் தன் கைக்காசில் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பதை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் பெரிதாக ஏதோ கேட்கப் போகிறார் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும்.

வகுப்பில் பெண்பிள்ளைகள் குறைவு. அவர்களில் ஒருத்தி அஞ்சலை. தம்பிக்குத் துணையாக வந்தவள், தம்பி வராமல் நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தாள். கறுத்து மெலிந்த பிள்ளை. எதையும் ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். அவள் மட்டும் எழுந்து வந்து ஒரு துண்டை எடுத்து, இலையில் மடித்துக்கொண்டு, கேட்காமலே வெளியே போனாள். அவர்கள் வீடு கொட்டகைக்குப் பின்னால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். கொஞ்ச நேரம் கழித்து மூச்சுவாங்கத் திரும்பி வந்தாள். வகுப்பு முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"கோழி தின்னுட்டு நல்லாத்தான் இருக்கு சார். மீதிய இப்ப குடுங்க."

வீட்டில் எத்தனை பேர்

அதற்குப் பிறகு வகுப்பு சூடுபிடித்தது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைப் பேசினால்தான் வாய் திறப்பார்கள் என்று, வீட்டைப் பற்றிக் கேள்விகள் தொடங்கினேன். ஹவ் மெனி பீப்பிள் ஆர் தேர் இன் யுவர் ஹவுஸ்? இஸ் யுவர் ஃபாதர் வெல்? முதல் நாள் கொட்டகை அதிரப் பதில் வந்தது. இரவோடு இரவாக என்ன நடந்ததோ, மறுநாள் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. அப்பா நலமா என்றால் கூரையைப் பார்த்தார்கள். அஞ்சலை கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அது ரப்பர் விலை விழுந்திருந்த காலம். வேலைக்கு ஆகாதவர்கள், வயதானவர்கள், நோயாளிகள் என்று பார்த்துப் பார்த்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பத்திரிகைச் செய்தி. லயத்தில் அது பக்கத்து வீடு. அன்று மாலை அஞ்சலையின் தகப்பன் வீராசாமி என் குடியிருப்பைத் தேடி வந்தார். உள்ளே வரவில்லை. படிக்குக் கீழே நின்று, தோள்துண்டால் வாயைப் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டார். அந்த இருமல் அடங்குகிற இருமலாக இல்லை. "புள்ளைங்ககிட்ட ஏன் சாமி வீட்டு வெவரம் கேக்குறீங்க" என்றார். அது பாடம், வேறொன்றும் இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பித் தலையாட்டியதாகத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தவரும் வீட்டுல எத்தன பேருன்னு சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. அடுத்த மாசம் எங்கண்ணன் நாகப்பட்டினத்துல இருந்தாரு."

துரை கேட்டது

வீணாகச் சந்தேகப்படுகிறார்கள் என்று எனக்கு மனம் கசந்தது. அந்தக் கசப்பு ஆறுவதற்குள் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். பிள்ளைகள் என்னிடம் நன்றாகப் பேசுகிறார்களாமே, எந்த எந்த வீட்டில் யார் யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்குமே, அவருக்கு அது உதவியாக இருக்கும் என்றார். வீராசாமி படிக்குக் கீழே நின்று கேட்டது தவறே இல்லை. கொஞ்சம் முந்திக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. என் மாணவர்களின் இங்கிலீஷை நம்ப முடியாது என்றேன். அப்பாவைக் கேட்டால் மாமாவைச் சொல்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்றால் ஆடுமாட்டையும் சேர்த்து எண்ணுகிறார்கள், நேற்று நடந்ததற்கும் நாளைக்கு நடக்கப்போவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அடுக்கினேன். என் வேலையை நானே குழியில் தள்ளிக்கொண்டிருந்தது பேசும்போதே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. துரை பைப்பை மேசையில் வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அப்படியானால் அந்தக் கொட்டகையில் இவ்வளவு நாளாக என்னதான் நடக்கிறது?"

அஞ்சலையின் வாக்கியம்

அதைத் தெரிந்துகொள்ள அவரே வந்துவிட்டார், பெரிய கிராணியையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போய், கடைசி பெஞ்சில் அஞ்சலைக்கு முன்னால் நின்றார். வீராசாமியைப் பற்றி யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். இஸ் யுவர் ஃபாதர் சிக் என்று கேட்டார். அவள் பேசாமல் நின்றால் அது ஆமாம் என்று ஆகிவிடும்.

அஞ்சலை ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு நேராகத் துரையைப் பார்த்து, "நோ, சர். மை ஃபாதர் இஸ் எ ஸ்ட்ராங் மேன். ஹி ஈட்ஸ் வெல் அண்ட் ஹி ஸ்லீப்ஸ் வெல்" என்றாள். மாதக்கணக்கில் நான் தொண்டை கிழியச் சொல்லியும் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் வினைச்சொல்லின் கடைசியில் அந்த 'ஸ்' ஒலியைப் போட்டதில்லை. அவள் இரண்டு இடத்திலும் போட்டாள். அவள் சொன்னது முழுப் பொய். எனக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. துரை கிராணியைத் திரும்பிப் பார்த்து, உண்மையா என்றார். வீராசாமி எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பது கிராணிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உண்மைதான் என்றார்.

துரை போன பிறகு ஓடிப்போய்க் கிராணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி ஒரு மனிதரைத் தவறாக நினைத்துவிட்டேனே என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"தம்பி, அவள் சொன்னது பிழையெண்டு வகுப்பை மூடினால் துரை உம்மை எங்கை கொண்டுவந்து இருத்துவார்? கந்தோரிலை, என்ரை மேசைக்கு முன்னாலைதான்."

லாரி

அந்த வாக்கியம் வீராசாமிக்குச் சில மாதம் வாங்கிக்கொடுத்தது. பிறகு டாக்டர் வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். குழலிடம் யாராலும் பொய் சொல்ல முடியவில்லை. வீராசாமியின் மனைவி நன்றாகப் பால் வெட்டுகிறவர், அதனால் அவரும் பிள்ளைகளும் இருக்கலாம் என்றார்கள். வீராசாமி மட்டும் போக வேண்டும். அஞ்சலை அதற்குப் பிறகு காலையில் தாயோடு மரத்துக்குப் போய்விட்டுப் பிற்பகலில் வகுப்புக்கு வந்தாள். விரலில் ரப்பர்ப் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். பேசும்போதே அதை உரித்துக்கொண்டிருப்பாள்.

சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போகும் லாரி கிளம்பிய அன்று நானும் போய் நின்றேன். வேறு சிலரும் மூட்டையோடு ஏறியிருந்தார்கள். வீராசாமி லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அஞ்சலையின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். லாரி உறுமியது. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"நீங்க காட்டிக் குடுக்கலைன்னு அஞ்சலை சொல்லுது வாத்தியாரே. அது சின்னப் புள்ள, நம்பிருச்சு."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புது வகுப்பு ஒன்றில் நுழைந்ததும் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தால், இவர்களுக்கு என்ன வேண்டுமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது என்பதால், அந்தத் தோட்டத்தில் மற்றவர்களைவிட ஒழுங்காகப் பாடம் படித்தவன் நான்தான் என்று நினைக்கிறேன்.