பத்து நாற்பது

அந்தச் சின்ன மருத்துவமனையில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போட்டதும் பஞ்சின் மேல் ஒட்டுகிற வெள்ளை டேப்பில் மருந்தின் பெயரையும் மணியையும் எழுதிவிட்டுத்தான் கையை எடுப்பாள். இருபத்தொரு வருடப் பழக்கம், வீட்டிலும் விடவில்லை. பால் பாத்திரம், இருமல் மருந்து, ரிமோட்டின் பேட்டரி எல்லாவற்றிலும் தேதி இருக்கும்.

“என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடேன். எப்ப காலாவதின்னு எனக்கும் தெரியட்டும்” என்பார் கணவர்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிப் பிறக்கப்போகிற பிள்ளையின் நுரையீரல் தேறுவதற்காகத் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அந்தத் தாய்க்கு மற்றவர் போட்டிருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு யாருமே போடவில்லை. குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. ஒன்றரை நாள் முனகியது. பிறகு நின்றுபோனது.

ஒரு நாள் காலை ஒரு பெண் கணவனோடு வந்தாள். முப்பத்தொரு வாரக் கர்ப்பம். தலை பிளக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது.

“இங்க வச்சுக்க முடியாது. வலிப்பு வராம இருக்கிற ஊசிய ரெண்டு பக்கமும் போட்டுட்டு, ஸ்டீராய்டு முதல் டோசையும் போட்டு அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அவள் மருந்தை ஏற்றி, போட்டு, பஞ்சை அழுத்தி, டேப் ஒட்டும்போதே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தில் பத்து நாற்பது.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது டாக்டரம்மா கோட்டுப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். “உங்களோடது. காலைல லெட்டர் எழுத எடுத்தேன்.”

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

“லெட்டர்ல ஸ்டீராய்டு போட்டத எழுதினீங்களா டாக்டரம்மா?”

“வலிப்பு ஊசிய எழுதிட்டேன். இத நான் எழுதுறப்ப நீங்க போடவே இல்லையே. டேப்புல எழுதியிருப்பீங்கல்ல?”

“பேனா உங்ககிட்ட இருந்துச்சே.”

இருவரும் பேனாவையே பார்த்தார்கள். எழுதினோமா இல்லையா என்று அவள் கண்ணை மூடி யோசித்தாள். கை தானாகச் செய்கிற வேலை மனதில் நிற்பதில்லை. ஆனால் பேனா இல்லாமல் எதைக்கொண்டு எழுதியிருக்க முடியும்?

பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் போன் போட்டார்கள். ஏழு தடவையும் எங்கேஜ். அந்தப் பெண்ணின் கணவன் எண்ணுக்குப் போட்டார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் மணி அடித்தது. சார்ஜரில் செருகிய போனை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

போனைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, யூனிஃபார்மோடு பஸ் ஏறினாள்.

பஸ் ஊர்ந்தது. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டும் போய், மருந்து கொஞ்சம் வேலை செய்த பிறகு பிள்ளையை எடுத்தால் அதற்கு நல்லது. தாய்க்கோ ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. முதல் ஊசி போட்டது தெரியாவிட்டால் அவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவ்வளவு நேரம் அந்தத் தலை கூடுதலாகத் தாங்க வேண்டும். நடுவில் வலிப்பு வந்தால்? சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம் தன் காலால் பிரேக்கை விடுவிப்பவள்போல முன்சீட்டை உதைத்தாள். முன்னால் இருந்தவர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார்.

பிரசவ வார்டில் நர்ஸின் கையில் ஊசி தயாராக இருந்தது.

“அது முதல் டோசா?” என்றாள், மூச்சிரைக்க.

“ஆமா. நீங்க யாரு?” என்றாள் வார்டு நர்ஸ்.

“இவங்கள அனுப்பின ஆஸ்பத்திரி நர்ஸ். நான் காலையிலயே போட்டுட்டேன். பத்து நாப்பதுக்கு. கைல பேனா இல்ல, எழுதாம விட்டுட்டேன்.”

“பேனா இல்லாததுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்களா? நல்லா இருக்கே கதை!” நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். “டேப் இருக்கு, எழுத்து இல்ல. என்ன ஊசின்னு இந்தப் பொண்ணக் கேட்டா, மூணு இடத்துல வலிக்குதுங்குது.”

கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே, “மூணும்தான் வலிச்சுது. நான் எத சொல்றது அக்கா?” என்றாள்.

அவள் கேஸ் ஷீட்டில் மணியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது போதாது என்று பட்டது. குனிந்து அந்த வெறும் டேப்பிலும் எழுதினாள். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். “நாளைக்குப் பத்து நாப்பதுக்கு ரெண்டாவது. பிரஷர் ஏறாம இருந்துச்சுன்னா மதியத்துக்கு மேல பிள்ளைய எடுத்துடலாம்.”

வாசலில் நின்ற கணவனிடம் போனைக் கொடுத்தாள். அவன் அதைத் தேடவே இல்லை.

மறுநாள் பத்து நாற்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தாள். நாலே காலுக்கு அந்தப் பெண்ணின் கணவனிடமிருந்து போன் வந்தது.

“பையன் அக்கா. ஒண்ணரைக் கிலோ கூட இல்ல. அவ கண்ண முழிச்சுட்டா, பேசுறா. பிரஷர் இறங்குதாம்.”

“அழுதானா?”

“பூனைக்குட்டி மாதிரி. மூக்குல சின்னக் குழாய் வச்சிருக்காங்க.”

“முனகுறானா?”

“கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன் அக்கா. ஒண்ணும் கேக்கல.”

“நெஞ்சு தெரியுதா?”

“தெரியுது.”

“ஏறி இறங்குறத எண்ணுங்க தம்பி. வாய்விட்டு. நான் கடிகாரம் பாக்குறேன். ஒரு நிமிஷத்துக்கு அறுபதுக்குள்ள இருக்கணும்.”

அவன் எண்ணத் தொடங்கினான். முப்பதில் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டபோது ஐம்பத்தாறில் இருந்தான்.

“சரியா அக்கா?”

அவள் டேப்பைக் கிழித்து, மேசை விளிம்பில் ஒட்டி, ஐம்பத்தாறு என்று எழுதினாள். பக்கத்தில் மணியும்.

“சரிதான். இன்னொரு தடவ எண்ணுங்க.”