ஏழு ரூபாய்ச் சாப்பாடு

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருக்கும் அந்த ஹோட்டலைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஏழு ரூபாய் கொடுக்க அங்கே அப்படி என்ன இருக்கிறது? தென்காசி ரயிலடியில் ஒரு ரூபாய்க்குள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் போட்டுக்கொள்ளலாம். சீசனுக்கு ஆசைப்பட்டுப் போய்வந்த என் சிநேகிதர்கள் இரண்டு பேர், சோறு ஒரு கைப்பிடிகூட இல்லை, பீங்கான்தான் பெரிசு என்று வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். சாப்பாட்டை மட்டும் வைத்துப் பேசினால் அவர்கள் சொல்வது சரிதான். நானும் அங்கே ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மூன்று வருஷம் ஆகிறது. நான் போனது சாப்பாட்டுக்காக அல்ல.

அந்த ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளை வீடு, மண்டபம், பத்திரிகை எல்லாம் முடிவாகிவிட்டன. தாய்மாமன் வருவாரா என்பது மட்டும் தெரியவில்லை. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், அண்ணன். ராயகிரியில் வயலும் கிணறுமாக இருப்பவர். எங்கள் வழக்கப்படி பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன்தான். உயிரோடு இருக்கிற மாமன் வரவில்லை என்றால் மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்பார்கள். போகிற இடத்தில் அக்காவுக்கு அந்தப் பேச்சு ஆயுசுக்கும் நிற்கும்.

மாமா எங்கள் வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மேலகரத்தில் அப்பா புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று மாமா முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டுப் பொரியல்கூட வைத்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அப்பாவுக்குத் தென்காசியில் அரிசிக் கடை. கடை லைசென்ஸ் அந்த அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்த சமயம். பந்தியில் இடமில்லை. அப்பா வரிசையை ஒரு தடவை பார்த்தார். நேரே போய் மாமாவின் தோளைத் தொட்டு, எழுந்து அடுத்த பந்தியில் உட்காரச் சொன்னார். மாமா எழுந்தார். அடுத்த பந்திக்கு இலை போடும்போது அவர் ராயகிரி பஸ்ஸில் இருந்தார். இனி அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அப்பாவும் விடவில்லை, அவர் வீட்டுப் படியைத் தானும் மிதிக்கப் போவதில்லை என்றார். அம்மா ஆறு வருஷமும் இரண்டு பேரையும் குறை சொல்லாமல் காலம் தள்ளினாள்.

நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். எதற்கெடுத்தாலும் என்னிடம் ஒரு யோசனை தயாராக இருந்த காலம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் போனேன். மூன்றாவது தடவைதான் மாமா வாயைத் திறந்தார்.

“உங்க வீட்டுக்கு நான் வர மாட்டேன். அவரு இங்கன வர மாட்டாரு. தென்காசியில எந்தச் சாப்பாட்டுக் கிளப்புல உக்காந்தாலும் ஊரே எங்க மூஞ்சியத்தான் பாக்கும். பொறவு எங்க வச்சுலே பேசச் சொல்லுத?”

யோசிக்கவே இல்லை, குற்றாலத்து ஹோட்டலைச் சொல்லிவிட்டேன். அது யார் வீடும் இல்லை. நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. இலைச் சாப்பாடென்றால் பத்து நிமிஷத்தில் கை கழுவிவிடலாம், அங்கே ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவருவார்கள், ஒன்றரை மணி நேரமாவது உட்கார்ந்தே ஆகவேண்டும். கடகடவென்று இதையெல்லாம் சொன்னேன். மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உட்காருவேன், ஆனால் சாப்பிடுவேன் என்று சொல்லவில்லை என்றார். அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அவர் வந்தால் தானும் வருவதாகச் சொன்னார். நான் சைக்கிளில் குற்றாலம் போய், ஜன்னலோரத்து மேஜையைக் கேட்டு, மானேஜர் நோட்டில் என் பெயரை எழுதுகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆடி மாதம், நடுப்பகல். சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கஞ்சி போட்ட சட்டையோடு முதலில் வந்தார். கால் மணி கழித்து மாமா வந்து குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வணக்கம் இல்லை, வாங்க என்ற சொல் இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் கரண்டியும் முள்ளும் கத்தியும் ஆளுக்கு ஒரு வரிசையாகக் கிடந்தன. அந்தப் பெரிய அறையில் எங்களைத் தவிர வயதான ஒரு தம்பதிதான் இருந்தார்கள். அவர்கள் கரண்டி தட்டில் படுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

முதலில் சூப் வந்தது. அப்பா கையில் கிடைத்த கரண்டியை எடுத்துக் குடித்து முடித்தார். நானும் முடித்தேன். மாமா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பரிமாறுகிறவர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர். நரைத்த மீசை, வெள்ளைக் கோட்டு. சுவரோடு சுவராக நின்று எங்கள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததைக் கொண்டுவரச் சொல்லி அப்பா கையைக் காட்டினார். அவர் கிட்டே வந்து குனிந்தார்.

“எல்லாரும் முடிக்கணும் சாரே. ஒரு மேசைக்குத் தட்டெல்லாம் ஒண்ணாத்தான் எடுக்கும். இங்கத்தே முறை அதாக்கும்.”

திரும்பிப் போய்ப் பழையபடி சுவரோரம் நின்றுகொண்டார்.

இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. பந்தியில் விரோதிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இலை இருக்கிறது, சோறு இருக்கிறது, தலையைக் குனிந்து பிசைந்தால் போதும், முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. இங்கே அப்பாவுக்கு முன்னால் ஒரு காலிக் கிண்ணம், மாமாவுக்கு முன்னால் ஒரு நிறைந்த கிண்ணம். கண்ணை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டவன் நான். ஐந்து நிமிஷத்திலேயே எப்போது முடியும் என்று ஆகிவிட்டது. அருவியில் தண்ணீர் எப்படி என்று ஆரம்பித்தேன். ரஷ்யாக்காரன் மனுஷனை வானத்துக்கு அனுப்பிப் பத்திரமாக இறக்கியதைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் சூப்பையே பார்த்தார்கள். அதன் மேல் மெல்லிய ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தது என்னிடம்தான்.

“மருமகனே, உங்கப்பாட்ட ஒண்ணு கேளு. அன்னைக்குப் பந்தியில நாப்பது பேரு இருந்தோம். என் தோளு மட்டும் எப்படி அவரு கையில தட்டுப்பட்டுதுன்னு கேளு.”

அப்பா ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் நான் சொல்லுகிறவரை கேட்காதவர் போலத்தான் இருந்தார். சண்டைக்காரர்களுக்கு நடுவே தந்திக்கம்பியாக இருப்பது எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான். மாமா கேட்டதை அப்படியே சொன்னேன். அந்த ஆபீசர் கையெழுத்துப் போடாவிட்டால் கடையைப் பூட்டவேண்டியிருந்திருக்கும் என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்கவில்லை, ஏன் என்னை எழுப்பினார் என்றுதான் கேட்டேன் என்று மாமா சொன்னார். அதையும் திருப்பிச் சொன்னேன்.

அப்பா கத்தியை எடுத்தார், துணிமேல் நேராக வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

“வேற யாரை எழுப்பச் சொல்லுதாரு? மத்தவன் பூராப் பேரும் கோவிச்சுக்கிடுவான்.”

“நான் மட்டும் கோவிச்சுக்கிட மாட்டேனோ?”

இதை நான் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாமா கேட்டது நேரே அப்பாவைப் பார்த்து. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்தச் சமயம் வெளியே ஒரு கார் வந்து நின்றது. இரண்டு நிமிஷத்தில் மானேஜர் எங்கள் மேஜைக்கு வந்தார்.

ஓர் எஸ்டேட் முதலாளி விருந்தாளிகளோடு வந்திருக்கிறாராம். எப்போதும் இந்த ஜன்னல் மேஜையில்தான் உட்காருவாராம். மானேஜர் மாமாவின் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை போலிருக்கிறதே, உள்ளே அந்த மூலைக்கு மாறிக்கொண்டால் உபகாரமாக இருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே நாற்காலி முதுகைப் பிடித்துவிட்டார், மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியை.

முன்கூட்டியே எழுதி வைத்த மேஜை, நோட்டைப் பாருங்கள் என்றேன். சீசனில் இதெல்லாம் அனுசரித்துத்தான் போகவேண்டும் என்றார். நான் குரலை உயர்த்த வாயெடுத்தேன். அதற்குள் என் பக்கத்து நாற்காலி நகர்ந்தது.

அப்பா எழுந்துகொண்டிருந்தார். யோசித்து எழுந்தாரென்று நான் நினைக்கவில்லை. கார், கோட்டு, பெரிய மனுஷர் என்றால் எழுந்துவிடுகிற உடம்பு அது. முப்பது வருஷக் கடை அதை அப்படிப் பழக்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது, முதுகும் கொஞ்சம் வளைந்துவிட்டது. மாமா அசையவில்லை. அப்பாவை அண்ணாந்து பார்த்தார்.

“எந்திரிக்கட்டும் மருமகனே, விடு. உங்கப்பாவுக்கு எழுப்பவும் தெரியும், எந்திரிக்கவும் தெரியும்.”

கல்யாணம் அந்த இடத்தில் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். அப்பா கோபக்காரர். இதைவிடச் சின்னச் சொல்லுக்குக் கடையில் ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நின்றதும் நிற்காததுமாக அப்படியே இருந்தார். வாசலில் எஸ்டேட் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருந்தவனுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா உட்கார்ந்தார். துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். மானேஜரிடம் பேசினார், சத்தம் போடாமல்.

“மச்சான் இன்னும் சாப்பிடல. அவுக சாப்பிட்டு முடிச்சாத்தான் நாங்க எந்திரிப்போம்.”

வந்திருப்பவர் யார் தெரியுமா என்று மானேஜர் ஆரம்பித்தார். “யாரா இருந்தா என்ன” என்றார் அப்பா. அவர் ஒரு பெரிய மனுஷரைப் பற்றி அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மானேஜர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். காரில் வந்தவர்கள் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்கள்.

இப்போது நிலைமை முன்னைவிட மோசம். அப்பா தன் மானத்தைத் தூக்கி மாமாவின் சூப்புக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். மாமா சாப்பிடாவிட்டால் நாங்கள் அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறோம்? அறையில் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி. அப்பா மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்ற பரிமாறுகிற பெரியவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் எதுவும் இல்லை.

“இது என்னதுலே?” என்றார் மாமா.

தக்காளி சூப், ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, வயலில் கஞ்சி குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். கிண்ணம் மேஜையைத் தொடுவதற்குள் பெரியவர் வந்துவிட்டார்.

பிறகு கட்லெட் வந்தது, நெய்ச்சோறு வந்தது, காய் வந்தது. எதன் ருசியும் எனக்கு நினைவில் இல்லை. மாமா எல்லாவற்றையும் கையால் சாப்பிட்டார். அதைப் பார்த்து அப்பாவும் முள்ளைக் கீழே வைத்தார். கடைசியில் ஆடிக்கொண்டே ஒரு சிவப்பு ஜெல்லி வந்தபோது மாமா கேட்டார், என்னிடம் அல்ல.

“முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

“ஏழரைக்கு மேல ஒம்பதுக்குள்ள. மொத நாளே வந்துட்டா நல்லாயிருக்கும்.”

“மொத நாள் தோதுப்படாது. அறுப்புக்கு ஆள் சொல்லியாச்சு. விடியதுக்குள்ள வந்துருதேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “தங்கச்சிக்காகத்தான் வாரேன். அதைத் தெரிஞ்சுக்கிடணும்” என்றார்.

தெரியும் என்றார் அப்பா.

ஏழு ரூபாய்க்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் இதையெல்லாம் சொல்வதில்லை. வேண்டாம், போகாதீர்கள் என்றே சொல்லியிருக்கிறேன். எழுதிவைத்த மேஜையிலிருந்து ஆளைப் பார்த்து எழுப்புகிற இடம் எத்தனை ரூபாய் வாங்கினால் என்ன? எங்கள் பால்காய்ப்புப் பந்திக்கும் அதற்கும் பீங்கான்தான் வித்தியாசம். ஆனால் ஒருவர் சாப்பிடாமல் இருக்கும்போது மற்றவர் தட்டை எடுக்கமாட்டேன் என்று நின்றாரே அந்தப் பெரியவர், அதை ரயிலடியில் ஒரு ரூபாய்க்கு யாரும் செய்ய மாட்டார்கள். அங்கே பின்னால் அடுத்த ஆள் நிற்பான். அந்த ஒன்றுக்காக மூன்று பேருக்கு ஆன இருபத்தொரு ரூபாயும் தகும் என்று நினைத்திருக்கிறேன். மானேஜர் நாற்காலியைப் பிடித்தது நினைவுக்கு வரும்போது, தகாது என்றும் நினைத்திருக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மாமா அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டார். அப்பா கடைக்குப் போனார். நான் மட்டும் மேலகரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“அண்ணன் சாப்பிட்டாகளா?”

சாப்பிட்டார் என்றேன்.

“முழுசாவா? பாதியில எந்திரிக்கலையே?”

முழுசாக, எல்லாவற்றையும், என்றேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே திரும்பி, மாமாவுக்குக் கல்யாண வேட்டி எடுக்கவேண்டும் என்று அக்காவிடம் சொன்னாள். வருவாரா என்று என்னிடம் கேட்கவே இல்லை.